அவுட்போர்டு இன்ஜின் நின்றுபோனால்: கிளப் படகுகளுக்கான பழுது நீக்கும் வழிமுறை

சிங்கப்பூரில் ஜூன் பள்ளி விடுமுறை வந்துவிட்டால், பின்புறத்தில் வெளியே அவுட்போர்டு இன்ஜின் மாட்டிய நம் கிளப் படகுகளுக்கு ஓய்வே கிடையாது. வாரக்கணக்கில் கரைத் தட்டில் சும்மா நின்ற படகு, திடீரென்று தினமும் உபின் தீவுக்கும் கோனித் தீவுக்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்வர வேண்டியிருக்கிறது. சும்மா நின்ற காலத்தில் சேர்ந்த உப்பும் பழைய பெட்ரோலும் அப்போதுதான் வேலையைக் காட்டும். ஆண்டுதோறும் அதே பழுதுகளைத்தான் சரிசெய்து வருகிறோம்.

என்ன கோளாறு என்று தெரியாதவருக்கும் கண்ணுக்கு என்ன தெரிகிறது, காதுக்கு என்ன கேட்கிறது என்று சொல்ல முடியும். அதனால் இதை அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில். இந்த வரிசையைத் தாண்டிப் போகாதீர்கள். பெட்ரோல் தொட்டியின் காற்றுத் திருகைத் திறக்காமலே கார்புரேட்டரைக் கழற்றிப் பரப்பி வைத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

சிங்கப்பூர்க் கடலில் இருக்கும் சிறிய படகுகளை, அதாவது 15 முதல் 60 குதிரைத்திறன் வரையிலான நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளை, மனத்தில் வைத்து எழுதியது இது. மற்ற இன்ஜின்களுக்கு அவற்றின் கையேடு சொல்வதே முடிவு.

கடலில் நின்றுபோனால் முதல் வேலை

இன்ஜின் மூடியைத் திறப்பதற்கு முன் நங்கூரத்தைப் போடுங்கள். சாங்கிக்கும் உபினுக்கும் இடையில் ஓதம் மாறும்போது நீரோட்டம் வேகம் பிடிக்கும். நீங்கள் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே படகு, பயணிகளை ஏற்றிச்செல்லும் பம்போட் வரும் பாதைக்கோ மீன் பண்ணைக் கயிறுகளுக்கோ போய்விடும். உபினின் வடக்குப் பக்கத்தில் நாட்டு எல்லையும் அருகிலேயே இருக்கிறது. நங்கூரம் பிடித்ததும் எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். பிறகு கிளப் படகுகளைக் கவனிக்கும் போட்மேனை அழைத்து இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள். ஆபத்து என்றால் விஎச்எஃப் ரேடியோவில் 16ஆம் அலைவரிசை. அதற்குப் பிறகுதான் பழுது பார்க்கும் வேலை.

மேற்கே வானம் கறுத்து வந்தால் பழுது பார்க்கவே வேண்டாம், இழுத்துவரச் சொல்லுங்கள். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் சுமத்ராவிலிருந்து வரும் சூறைக்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்போ காலையிலோ அடிக்கும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகக் காற்றில், இன்ஜின் இல்லாத சிறு படகில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு யாரும் இருக்கக் கூடாது.

படகுக்குள் பெட்ரோல் வாடை அடிக்கிறது

இந்த ஓர் அறிகுறிக்கு நீங்களாகச் செய்யும் சோதனை எதுவும் இல்லை. சாவியைத் திருப்பாதீர்கள். படகின் அடியில் தேங்கும் நீரை இறைக்கும் பில்ஜ் பம்பின் சுவிட்சையும் தொடாதீர்கள், அதிலும் பொறி வரும். படகில் இருப்பவர்களை இறக்குங்கள், மூடிகளையெல்லாம் திறந்து காற்றோட்டம் விடுங்கள், போட்மேனைக் கூப்பிடுங்கள். கையில் தூக்கும் தொட்டியாக இருந்தால் அதைக் கரைக்கு எடுத்துவிடலாம். அந்தத் தொட்டியில் பெட்ரோல் நிரப்புவதும் எப்போதும் கரையில், தரையில் வைத்துத்தான். படகுக்குள் வைத்து நிரப்பவே கூடாது.

சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை

முதலில் கியர் நெம்புகோலைப் பாருங்கள். நியூட்ரலில் இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் வேலை செய்யாதபடிதான் இன்ஜினை அமைத்திருக்கிறார்கள். நியூட்ரலில் இருப்பதுபோலத் தெரிந்தாலும் முன்னும் பின்னும் ஒருமுறை அசைத்து நடுவில் நிறுத்துங்கள்.

அடுத்தது பேட்டரியின் பிரதான சுவிட்ச். கரையேறும்போது ஒருவர் அணைத்துவிட்டுப் போயிருப்பார், அடுத்தவருக்குத் தெரிந்திருக்காது.

அதுவும் சரியென்றால் பேட்டரி முனைகள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கழற்றி, கம்பித் தூரிகையால் தேய்த்து, இறுக்கிப் பூட்டி, மேலே கிரீஸ் தடவுங்கள். இறக்கை நட்டுப் போட்டிருந்தால் கையால் முறுக்கியதோடு விடாமல் ஸ்பேனர் போட்டு இறுக்குங்கள். அலையின் அதிர்வில் அது தளர்ந்துவிடும்.

பிறகு இன்ஜின் மூடிக்குள் இருக்கும் ஃபியூஸ். எரிந்திருந்தால் அதே அளவு ஃபியூஸை ஒருமுறை மாற்றிப் பாருங்கள். அதுவும் எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்க நினைக்காதீர்கள், நெருப்பு அப்படித்தான் பிடிக்கும்.

*‘டிக்’ என்று மட்டும் கேட்டால்:* பெரும்பாலும் பேட்டரிதான். மல்ட்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். சில மணி நேரம் ஓய்வில் இருந்த பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றாமல் புறப்படாதீர்கள். நிறைந்த பேட்டரியே ஸ்டார்ட்டர் சுழலும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது.

பேட்டரி நிறைந்திருக்கிறது, முனைகள் சுத்தம், ஃபியூஸ் நன்றாக இருக்கிறது, இன்னும் ‘டிக்’ மட்டும்தான் கேட்கிறது என்றால் ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சோலனாய்டோ ஸ்டார்ட்டர் மோட்டாரோ போயிருக்கலாம். மெக்கானிக்கை அழைக்க வேண்டிய இடம் இது. ஸ்குரூடிரைவரால் சோலனாய்டின் இரு முனைகளையும் தொட வைத்து ஸ்டார்ட் செய்யும் வித்தையைப் பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் செய்ய வேண்டாம்.

இன்ஜின் சுழல்கிறது, ஆனால் பற்றவில்லை

கில் சுவிட்சின் (ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜினை அணைக்கும் சுவிட்ச்) சிவப்புச் சுருள் கயிறு செருகியிருக்கிறதா? பல இன்ஜின்களில் அது இல்லாமலும் ஸ்டார்ட்டர் சுழலும், தீப்பொறி மட்டும் வராது. விடுமுறையில் வரும் அழைப்புகளில் பாதி இந்த ஒரு கேள்வியிலேயே முடிந்துவிடும்.

அடுத்து பெட்ரோல் வரும் வழியைத் தொட்டியிலிருந்து இன்ஜின் வரை விரலால் தொட்டுத் தொட்டுப் பாருங்கள். தொட்டியில் பெட்ரோல் இருக்கிறதா, மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா, ஹோஸின் இரண்டு முனைகளும் ‘கிளிக்’ என்று உட்கார்ந்திருக்கின்றனவா, ஹோஸின் நடுவில் கையால் அழுத்திப் பெட்ரோலை ஏற்றும் ரப்பர் உருண்டையிலுள்ள அம்புக்குறி இன்ஜினை நோக்கி இருக்கிறதா. பிறகு, அம்பு மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து உருண்டையை அழுத்துங்கள். அந்த உருண்டை நிறையச் சொல்லும்:

- சில அழுத்தலில் கெட்டியாகிவிட்டால் பெட்ரோல் இன்ஜின் வரை வந்துவிட்டது. கோளாறு அதற்கு அப்பால்.
- எவ்வளவு அழுத்தியும் மெத்தென்றே இருந்தால் எங்கோ காற்றை உறிஞ்சுகிறது. ஹோஸ் முனையிலுள்ள ரப்பர் வளையத்தைப் பாருங்கள், வெயிலில் வெடித்திருக்கும். விலை மலிவு, தொட்டிப் பெட்டியில் 2 வளையங்கள் எப்போதும் வைத்திருங்கள்.
- அமுங்கிய உருண்டை மறுபடி உப்பாமல் ஒட்டியே இருந்தால் தொட்டிப் பக்கம் அடைப்பு. காற்றுத் திருகு மூடியிருக்கும், அல்லது தொட்டிக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயின் சல்லடை அடைத்திருக்கும்.

இஎஃப்ஐ (மின்னணு முறையில் பெட்ரோலைப் பீய்ச்சும் அமைப்பு) இல்லாத இன்ஜின்களில், குளிர்ந்திருந்தால் காற்றைக் குறைக்கும் சோக்கை இழுக்க வேண்டும். ஏற்கெனவே பலமுறை முயன்று மூடிக்குள் பெட்ரோல் வாடை வந்தால் அளவுக்கு மீறி உறிஞ்சிவிட்டது என்று பொருள். சோக்கை உள்ளே தள்ளி, மூடியைத் திறந்து, 10 நிமிடம் விட்டுவிடுங்கள். வாடை போன பிறகு நியூட்ரலிலேயே த்ராட்டிலைக் கொஞ்சம் கூட்டி முயலுங்கள். ஒருமுறைக்கு 10 வினாடிக்கு மேல் ஸ்டார்ட்டரைச் சுற்றாதீர்கள். இடையில் ஓரிரு நிமிடம் ஆறவிடுங்கள். வெயிலில் காத்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்து அவசரப்பட்டு ஸ்டார்ட்டரை எரித்துவிட்டால், கையேட்டைப் பார்த்தே தீர்த்திருக்கக்கூடிய ஒன்று பெரிய பில்லாக மாறிவிடும்.

இன்னும் பற்றவில்லையா? பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். இங்குள்ள ஈரக்காற்றில் பாதி நிரம்பிய தொட்டிக்குள் நீர் சேர்வது வழக்கம். வடிகட்டிக் கிண்ணத்தைக் கரையில் வைத்து ஒரு கண்ணாடிப் புட்டியில் வடித்து, சற்று நேரம் அசையாமல் வையுங்கள். தண்ணீர் அடியில் தனிப் படலமாக நிற்கும். நின்றால் தொட்டியிலுள்ள பெட்ரோல் முழுவதையும் மாற்றித்தான் ஆகவேண்டும், மேலே புதுப் பெட்ரோல் ஊற்றுவதால் பயனில்லை. 3 மாதத்துக்கு மேல் நின்ற பெட்ரோலுக்கும் இதே முடிவுதான். பழைய பெட்ரோலைச் சாக்கடையிலோ கடலிலோ கொட்டாதீர்கள்; போட்மேன் அலுவலகத்தில் தனிக் கலன் இருக்கிறது.

கடைசியாக பிளக். கழற்றிப் பாருங்கள்: நனைந்து கறுத்திருந்தால் துடைத்து உலரவைத்துப் போடலாம், முனை தேய்ந்திருந்தால் புதிது. தீப்பொறி வருகிறதா என்று பிளக்கை வெளியில் பிடித்துச் சோதிக்கும் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

பெட்ரோல் புதிது, உருண்டை கெட்டி, பிளக் புதிது, ஆனாலும் பற்றவில்லை என்றால் கார்புரேட்டர் துளைகள் பிசுபிசுத்து அடைத்திருக்கும். இஎஃப்ஐ என்றால் உயர் அழுத்தப் பம்பு அல்லது இன்ஜெக்டர். இரண்டும் பட்டறை வேலை.

பற்றுகிறது, சில நிமிடத்தில் அணைந்துவிடுகிறது

“அண்ணே, கரையில நல்லாத்தான் ஓடுச்சு, செக் ஜாவா தாண்டுனதும் நின்னுருச்சு” என்று போன் வந்தால் நான் கேட்பது தொட்டியின் காற்றுத் திருகைப் பற்றித்தான். மூடியிருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, உறிஞ்ச முடியாமல் இன்ஜின் பட்டினியில் சாகும். தொட்டி மூடியைத் திறக்கும்போது ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் சந்தேகமே வேண்டாம்.

திருகு திறந்தே இருந்ததென்றால், இன்ஜின் அணையத் தொடங்கும்போது ஒருவர் ரப்பர் உருண்டையை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கட்டும். அழுத்தும்வரை ஓடுகிறதென்றால் ஹோஸில் காற்று புகுகிறது, அல்லது இன்ஜினிலுள்ள பெட்ரோல் பம்பு பலவீனமாகிவிட்டது. ஹோஸை நீங்களே மாற்றலாம். வேறொரு படகின் தொட்டியையும் ஹோஸையும் வாங்கிப் பொருத்திப் பார்ப்பதுதான் மிக வேகமான சோதனை: அதில் நன்றாக ஓடினால் உங்கள் இன்ஜினில் பழுதில்லை. அதிலும் அணைந்தால் மெக்கானிக்.

அணையும் முன் எச்சரிக்கை ஒலி கேட்டதா? அப்படியானால் அடுத்த தலைப்புக்குப் போங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பின்னால் பீய்ச்சும் தண்ணீர் நின்றுவிட்டது, அல்லது எச்சரிக்கை ஒலி கேட்கிறது

இன்ஜின் ஓடும்போது பின்பக்கத் துளையிலிருந்து மெல்லிய தாரை வந்துகொண்டே இருக்க வேண்டும். குளிர்விக்கும் தண்ணீர் உள்ளே சுற்றுகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. புறப்பட்டதும் ஒருமுறை, பிறகு அடிக்கடி, திரும்பிப் பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். அவர்கள் கண்ணுக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

தாரை நின்றால் உடனே அணையுங்கள். கரை பக்கத்தில்தானே இருக்கிறது என்று ஓட்டிக்கொண்டு வந்து இன்ஜினையே இழந்த உறுப்பினர்கள் உண்டு.

அணைத்த பிறகு இன்ஜினைத் தூக்கி, புரொப்பல்லருக்கு மேலே இருபக்கமும் உள்ள தண்ணீர் உறிஞ்சும் சல்லடையைப் பாருங்கள். மீன் பண்ணைகளுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் பைகள் மிதக்கும். ஒன்று ஒட்டிக்கொண்டாலே போதும். எடுத்துவிட்டு, இறக்கி, ஸ்டார்ட் செய்து, உடனே தாரையைப் பாருங்கள். வந்தால் பயணம் தொடரலாம்.

சல்லடை சுத்தமாக இருந்தால் தாரை வரும் துளையே உப்பிலோ சேற்றிலோ அடைத்திருக்கலாம். தடித்த நைலான் தூண்டில் நரம்பை உள்ளே விட்டு மெல்லக் குத்துங்கள். இரும்புக் கம்பி வேண்டாம். இங்கே பெரும் ஓதத்துக்கும் வற்றுக்கும் ஏறக்குறைய 3 மீட்டர் வித்தியாசம் வரும். வற்றிய நேரத்தில் சரிவுத்தளத்தில் இறக்கியவர்கள் சேற்றையும் சேர்த்து உறிஞ்சியிருப்பார்கள்.

இரண்டும் பலிக்கவில்லையென்றால் உள்ளே தண்ணீரை ஏற்றும் பம்பின் ரப்பர் இம்பெல்லர் (இதழ்ச் சக்கரம்) தேய்ந்திருக்கும். கடலில் இதற்கு மருந்து இல்லை, இழுத்துத்தான் வரவேண்டும். கரையில் இன்ஜினின் கீழ்ப்பகுதியைக் கழற்றி மாற்றலாம். உதிரி விலை அதிகமில்லை. ஆனால் திரும்பப் பொருத்தும்போது கியர்த் தண்டு சரியாகச் சேராவிட்டால் முன்னும் பின்னும் கியர் விழாது. முதல்முறை மெக்கானிக்கைச் செய்யச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய இம்பெல்லரில் இதழ் உடைந்திருந்தால் உடைந்த துண்டுகளையெல்லாம் தேடி எடுத்தாரா என்று கேளுங்கள். ஒன்று உள்ளே தங்கினால் மேலே குழாயில் போய் அடைத்து, புது இம்பெல்லர் போட்டும் அதே ஒலி கேட்கும்.

*தாரை நன்றாக வருகிறது, ஆனாலும் ஒலி கேட்கிறது:* குழப்பம் தரும் நிலைமை இது. பல இன்ஜின்களில் தாரைக்கான தண்ணீர் தெர்மோஸ்டாட்டுக்கு (வெப்பத்துக்கேற்பத் தண்ணீரை விடும் வால்வு) முன்பே பிரிந்துவிடும். தெர்மோஸ்டாட் உப்பேறி மூடியே இறுகிப்போனால் தாரை வரும், இன்ஜின் கொதிக்கும். இன்னொரு காரணம் ஆயில் குறைவு. அணைத்து, சில நிமிடம் விட்டு, ஆயில் அளவுகோலைப் பாருங்கள். குறைந்திருந்தால் நிரப்பிவிட்டுச் சோதிக்கலாம். அளவு சரியாக இருந்தும் ஒலி நிற்காவிட்டால் ஓட்ட வேண்டாம், மெக்கானிக்.

இந்தத் தலைப்பின் கீழ் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை கரையேறியதும் நன்னீர் விட்டுக் கழுவினால் வராது. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் 10 முதல் 15 நிமிடம். சல்லடைமேல் காதுமூடிபோல் மாட்டும் கருவியில் கழுவினால், தண்ணீரை முதலில் திறந்துவிட்டு, நியூட்ரலில், குறைந்த வேகத்தில் இன்ஜினை ஓட்டுங்கள். இன்ஜின் பக்கவாட்டிலுள்ள ஹோஸ் வாயில் செருகிக் கழுவும் வகையென்றால் பெரும்பாலான கையேடுகள் இன்ஜினை ஓட்டக் கூடாது என்கின்றன. இரண்டையும் பலர் மாற்றிச் செய்கிறார்கள். தண்ணீரில்லாமல் “ஒரு நொடி ஓடுகிறதா பார்ப்போம்” என்று கரையில் ஸ்டார்ட் செய்வதுதான் இம்பெல்லருக்கு மிகக் கெட்டது; உலர்ந்த ரப்பர் சில வினாடிகளில் கருகத் தொடங்கும்.

இன்ஜின் இரைகிறது, படகு நகரவில்லை

அணையுங்கள், சாவியையும் சிவப்புக் கயிற்றையும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், பிறகுதான் புரொப்பல்லரில் கை வைக்க வேண்டும்.

பையோ கயிறோ சுற்றியிருந்தால் வெட்டி எடுங்கள். தூண்டில் நரம்பு சுற்றியிருந்தால் வெளியில் தெரிவதை மட்டும் எடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். கரையில் புரொப்பல்லரைக் கழற்றி, தண்டின் அடிவரை பாருங்கள். தண்டைச் சுற்றித் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் சீல் நரம்பால் அறுந்தால் கியர் பெட்டிக்குள் கடல்நீர் போகும். கீழ்த் திருகைக் கொஞ்சம் தளர்த்தி ஒருசில சொட்டு கியர் ஆயில் எடுத்துப் பாருங்கள்: பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. ஆயிலை மாற்றினால் மட்டும் போதாது, சீல் மாற்றி அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். பட்டறைக்கு அனுப்புங்கள்.

புரொப்பல்லர் சுத்தமாக இருந்தும் படகு நகரவில்லையென்றால் நடுவிலுள்ள ரப்பர் புஷ் வழுக்கலாம். உள்வளையத்திலிருந்து வெளிவளையம் வரை மார்க்கரால் ஒரு நேர்க்கோடு போட்டு, கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் புஷ்தான். குறைந்த வேகத்தில் கரைக்கு வந்துவிடலாம். மிகச் சிறிய இன்ஜின்களில் புஷ் இருக்காது, ஒரு வெட்டுப்பின் இருக்கும். பாறையில் இடித்தால் அது உடையும். உதிரிப் பின்னை மூடிக்குள் ஒட்டி வைத்திருங்கள்.

*நகர்கிறது, ஆனால் வேகமே எடுக்கவில்லை:* படகின் அடியைத் தடவிப் பாருங்கள். நம் வெதுவெதுப்பான நீரில் மிதக்கும் பான்டூன் தளத்தில் கட்டியே கிடக்கும் படகில் இரண்டு மூன்று வாரத்தில் கொட்டலசு பிடித்துவிடும். பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள், கையுறை கட்டாயம். அது வெட்டிய காயம் சீக்கிரம் ஆறாது.

படகுக்குள் தண்ணீர்

பின்பக்க வடிதுளையில் தக்கை போட்டிருக்கிறதா? போடாமல் இறக்குவது எல்லாருக்கும் நடக்கும். அதனால்தான் நம் படகுகளில் தக்கையைச் சாவிக்கொத்தோடு கட்டி வைத்திருக்கிறோம்.

தக்கை சரியென்றால் அது மழைநீரா கடல்நீரா என்று பிரித்தறியுங்கள். எல்லாத் தண்ணீரையும் இறைத்து, துணியால் ஒற்றி, மேலே தார்ப்பாய் போட்டு, ஓர் இரவு விடுங்கள். காலையில் காய்ந்தே இருந்தால் மழைதான் காரணம். தண்ணீர் நின்றால் பென்சிலால் மட்டத்தைக் குறித்து, ஹோஸ் கவ்விகளையும் உடலைத் துளைத்துச் செல்லும் பொருத்திகளையும் ஒவ்வொன்றாகத் துடைத்துத் தடவிப் பாருங்கள். தளர்ந்த கவ்வியை நீங்களே இறுக்கலாம். கீறலோ, பொருத்தியைச் சுற்றி ஈரமோ தெரிந்தால் படகைக் கரையேற்றி, ஃபைபர் வேலை தெரிந்தவரை அழையுங்கள். நீரில் மிதக்கும்போதே பசை அப்ப வேண்டாம்.

பில்ஜ் பம்பு ஓடவில்லையென்றால் மிதவைச் சுவிட்சைக் கையால் தூக்குங்கள். பம்பு ஓடினால் சுவிட்சுக்கு அடியில் குப்பை. ஓடாவிட்டால் ஃபியூஸ், அதன்பின் ஒயர் இணைப்பு. பச்சை பிடித்த ஒயரை வெட்டிப் புதிதாக இணைக்க வேண்டும். ஓடியும் தண்ணீர் வெளியே போகாவிட்டால் அடிச் சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள்.

பிள்ளைகளின் ஆப்டிமிஸ்ட் பாய்மரப் படகு ஒரு பக்கம் சாய்ந்து மிதக்கிறது

காற்றுப்பைகளைப் பாருங்கள். ஒவ்வோர் ஆப்டிமிஸ்ட்டிலும் 3 பைகள் இருக்க வேண்டும். முந்தைய மாலையே ஊதி வைத்து, காலையில் அழுத்திப் பாருங்கள். தளர்ந்திருந்தால் சோப்புநீர் தடவிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடிக்கலாம். பெரும்பாலும் வால்வு மூடி சரியாக அழுந்தாததுதான். வெயிலில் நிற்கும் படகில் பையை இறுக்கமாக ஊதாதீர்கள், உள்ளே காற்று விரிந்து தையல் பிரியும். தையல் பிரிந்த பையை ஒட்டிப் பயன்படுத்தச் சம்மதிக்க மாட்டேன். கவிழ்ந்த படகு மூழ்காமல் பிள்ளையைத் தாங்குவது அதுதான், புதிது வாங்குங்கள்.

மெக்கானிக்கை அழைக்கும்போது

“ஓடமாட்டேங்குது” என்று மட்டும் சொன்னால் அவர் முதலிலிருந்து தொடங்குவார், அந்த நேரத்துக்கும் காசு போகும். இன்ஜின் மாடலும் வரிசை எண்ணும், எப்போது நின்றது, குளிர்ந்தபோதா சூடானபோதா, ஒலி கேட்டதா, தாரை வந்ததா, மேலே சொன்னவற்றில் எதையெல்லாம் சோதித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் கைப்பேசியில் வீடியோ எடுத்து வையுங்கள். கழற்றிய பழைய உதிரியைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. செய்த வேலையைப் படகின் பதிவேட்டில் தேதியோடு எழுதிவிட்டு, படகு ஓட்டும் நிலையில் இல்லையென்றால் சுக்கானில் சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டுப் போங்கள். மறுநாள் விடிகாலையில் வரும் குடும்பத்துக்கு அது தெரிய வேண்டும்.